பட்டமரத்தில் கட்டிய தெப்பம்

எங்கள் ஏரியில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் கைடுகளுக்கு வகுப்பு நடக்கிறது. அதில் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. தெப்பத்தில் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு, துடுப்புப் போட்டபடி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசித்தான் பழக்கம். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரி. நெல் வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பம். என் கணவர் ஜீப் ஓட்டுநர். காட்டிலாகா விடுதிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வேலை கிடைத்ததும் எங்கள் குடித்தனம் மலைமேல் போய்விட்டது. அந்த மலையும் பாலக்காட்டு ஜில்லாதான் என்றாலும், போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே நான் சேர்ந்தது கைடாக இல்லை, விடுதிச் சமையல்காரியாக. ஏரி சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. பல வருஷம் அதை ஜன்னல் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏரியில் மூங்கில் தெப்பம் விட ஆரம்பித்த புதிதில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்கள் பள்ளி வந்தது. கூடவே ஒரு பெண் கைடு வந்தால்தான் பிள்ளைகளை அனுப்புவோம் என்று ஆசிரியைகள் சொல்லிவிட்டார்கள். அன்றைய ரேஞ்சர் கோபிநாதன் சார் சமையலறைக்கு வந்தார். நான் கையில் கரண்டியோடு நின்றேன்.

“மரகதத்துக்கு நீந்தத் தெரியுமோ?”

“வாய்க்கால்ல நீந்துவனுங்க சார்.”

“ஏரியும் வாய்க்காலும் ஒண்ணல்ல. இன்னைக்குப் பின்னாடி உக்காந்து வாங்க. நாளையிலிருந்து பழகிக்கோங்க.”

அப்படித்தான் தொடங்கியது. துடுப்புப் போடக் கற்றுத் தந்தது மாரப்பன். ஏரிக்கரை ஊர்க்காரர், காட்டில் பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான். முதல் மழைக்காலம் முழுக்க என் உள்ளங்கை கொப்புளமாகவே இருந்தது. எங்கே ஆழம், எங்கே சேறு, எந்தக் கரையில் யானை இறங்கும், எந்தப் பாறையில் முதலை வெயில் காயும் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எல்லாரையும் போலத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்து போகிறேன். பனி ஏரி மேல் படுத்திருந்தது. கரை மறைந்ததும், அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இலையில்லை, பட்டையில்லை. வெள்ளையாக, தண்ணீருக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்குக் கீழே ஒரு காடு நின்றுகொண்டிருக்கிறது, நாங்கள் அதன் தலைக்கு மேலே போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. கோயில் கர்ப்பக்கிரகத்தில் திரை விலகும்போது வருமே, அது. இத்தனை வருஷம் இதன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.

கோபிநாதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒல்லியான மலையாளி மனுஷர். மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். குடையின் நுனியில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருப்பார். படகுத்துறைக்கு வந்ததும் குடையை நீட்டி நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் எங்களைப் பார்ப்பார். காற்று சரியில்லை என்றால், மந்திரி வீட்டு ஆட்களே வந்திருந்தாலும் தெப்பம் இறங்காது.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். எவ்வளவு கோபமோ அவ்வளவு மெதுவாகப் பேசுவார். ஒரு தடவை பெரிய கும்பல் ஒன்று பாட்டுப்பெட்டியை அலறவிட்டபடி துறைக்கு வந்தது. சார் அவர்களிடம் போய் என்னவோ சொன்னார். கேட்கவில்லை. “என்ன சார்?” என்றார்கள். மறுபடியும் சொன்னார், இன்னும் மெதுவாக. ஒருத்தர் பாட்டைக் குறைத்தார். சார் குரலை இன்னும் குறைத்தார். கடைசியில் அவர்களே பெட்டியை அணைத்துவிட்டு, அவரைச் சுற்றி நெருக்கி நின்று காதைக் கொடுத்தார்கள். அவர் கேட்டது, “நீங்க எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?” என்பது மட்டும்தான். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி திரும்பப் பாடவில்லை.

தெப்பம் இறக்குவதற்கு அவர் வைத்திருந்த முறையை நான் வேலையிலிருந்து நின்ற நாள் வரைக்கும் மாற்றவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டதும், ஒவ்வொருவரின் ஜாக்கெட்டையும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் ஏறினால் வார் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். கனமான ஆட்களை நடுவில் உட்கார வைக்க வேண்டும். மல்லிகைப்பூ வைத்திருக்கும் பெண்களிடம், வாசம் மிருகங்களுக்கு எட்டும் என்று பக்குவமாகச் சொல்லிப் பூவை வாங்கித் துறையில் இருக்கும் சின்ன விளக்கு மாடத்தில் வைக்க வேண்டும், திரும்பி வந்ததும் மறக்காமல் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு எல்லாரும் கரையிலேயே நின்று எதிர்க்கரையைச் சும்மா பார்க்க வேண்டும். பேசக்கூடாது. “கண்ணும் காதும் ஊரிலேர்ந்து இங்கே வந்து சேரட்டும்” என்பார். முதலில் எல்லாரும் நெளிவார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கை நீட்டுவார். அங்கே புல்லுக்குள் அதுவரை கல்லாகத் தெரிந்தது காட்டெருமையாக இருக்கும்.

புதிதாக வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, ஆபத்தில் இருக்கும் பிராணியைப் பார்த்தால் என்ன செய்வது என்று. எனக்கும் அது ஒரு தடவை வந்தது.

கல்லூரிப் பெண்கள் கொஞ்சம் பேரோடு காலையில் போய்க்கொண்டிருந்தோம். கரையில் புதர் கிழிகிற சத்தம். ஒரு கடமான் பாய்ந்து வந்து ஏரியில் விழுந்தது. கழுத்தளவு தண்ணீரில், ஒரு பட்டமரத்தை ஒட்டி நின்றது. அது விடுகிற மூச்சு புகையாகத் தெரிந்தது. பிறகு காட்டுக்குள் சீட்டியடிப்பது மாதிரி சத்தம் கேட்டது. செந்நாய்கள் வந்தன. அவை ஓடி வரவில்லை, நடந்து வந்தன. வந்து கரையோரம் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று கடித்து உருண்டு விளையாடின. அவற்றுக்கு அவசரமே இல்லை.

தெப்பத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். “அக்கா, துடுப்பத் தட்டி விரட்டலாம்ல? கத்துனாக்கூட ஓடிரும்.”

“அதுகளுக்கும் குட்டி இருக்குது கண்ணு. பாரு” என்றேன்.

“அப்ப இது கொடுமை இல்லையா அக்கா?”

மாரப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தெப்பத்தைத் திருப்பினோம். கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அந்தக் கடமான் எங்களைப் பார்க்கவே இல்லை. கரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் அங்கே இருப்பது தெரிந்ததாக அவற்றில் ஒன்றுகூடக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பெரிய வீட்டில் ஏதோ முக்கியமான காரியம் நடக்கும்போது தப்பான கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சாரிடம் சொன்னேன். “அந்தப் பெண்குட்டி கேட்டது நல்ல கேள்வி. எனக்கும் உத்தரம் தெரியாது. அவளுக்கு ஒரு சாயா கொடுங்க” என்றார். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது கரை நிறைய நாய்த்தடம் இருந்தது. எலும்பு இல்லை, ரத்தமும் இல்லை. மான் அக்கரைக்கு நீந்திப் போயிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

இனி நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அதற்கு வருகிறேன்.

அது தை மாதம். ஏரி நிறைந்திருந்தது. மத்தியானத் தெப்பத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. முருகேசன் என்று ஒரு தம்பி, கோயம்புத்தூரில் மில்லில் வேலை. அவரும் மனைவியும், அவருடைய அம்மா செல்லத்தாயும், அம்மாவின் அக்கா பேச்சியம்மாவும். அக்கா தங்கை இரண்டு பேரும் இடுக்கியில் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள். மூணாறு, மறையூர், உடுமலை வழியாக வந்திருந்தார்கள். பேச்சியம்மாவுக்கு அறுபதுக்குள் இருக்கும். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு. ஏலக்காய் பறித்து நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. யாரோடும் பேசவில்லை. இவர்களோடு பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியும் ஏறினார்கள்.

முறைப்படி எல்லாரிடமும் கேட்டேன். “ஆருக்காச்சும் பயம் இருக்குதுங்களா?”

“தண்ணிக்குப் பயமில்ல தாயி” என்றார் பேச்சியம்மா.

குடை நூல் தொங்கியபடி இருந்தது. காற்றே இல்லை. சார் போகலாம் என்று தலையசைத்தார். முன்னால் மாரப்பன், பின்னால் நான்.

ஏரியின் நடுவில், காடு ஒரு நாக்கு மாதிரி தண்ணீருக்குள் நீண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்கு எதிரே ஒரு தீவு. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தண்ணீரை நாங்கள் கணவாய் என்போம். அதற்கு வெகு தூரம் முன்னாலேயே மாரப்பன் துடுப்பை நிறுத்தி மோவாயால் காட்டினார். அந்த நாக்கு நுனியில் யானைக்கூட்டம் ஒன்று நின்றது.

பாலக்காட்டுக்காரர் சந்தோஷமாக மனைவியின் கையைத் தட்டினார். நான் வழக்கம்போலத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினேன். அப்போது செல்லத்தாய் என் பக்கமாகச் சாய்ந்து காதில் சொன்னார்.

“எங்கக்கா வீட்டுக்காரரு யானை அடிச்சுத்தான் செத்துப் போனாரு. இங்கன யானை வரும்னு எங்களுக்குத் தெரியாது. ஏரி பாக்கப் போறோம்னுதான் எம்மவன் கூட்டியாந்தான்.”

நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவர் யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையும் இருக்கை மூங்கிலைப் பிடித்திருந்தன.

“மாரப்பா, திருப்பு” என்றேன்.

திருப்பினோம். பாதி திரும்பியிருப்போம், காற்று வந்துவிட்டது. பாலக்காட்டு மலையிடைவெளி வழியாக வரும் காற்று தை மாதத்தில் எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. நிச்சலனமாக இருந்த ஏரி சுருங்கிக் கறுத்து, எங்கள் மேல் வந்து மோதியது. மூங்கில் தெப்பத்துக்குக் காற்றை எதிர்க்கிற சக்தி கிடையாது. நாங்கள் இழுத்துத்தான் பார்த்தோம், முருகேசனும் ஒரு துடுப்பை எடுத்தார். துடுப்புப் போடப் போடத் தெப்பம் பின்னால்தான் போயிற்று. நேராகக் கணவாயை நோக்கி.

“மரகதக்கா” என்றார் மாரப்பன். “தண்ணிக்குள்ள எறங்குதுங்க.”

கூட்டத்தின் தலைவி முதலில் இறங்கியது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை. மத்தியானத்தில் தீவுக்கு நீந்திப் போய்ப் புல் தின்பது அவற்றின் வழக்கம்தான். தூரத்திலிருந்து நாங்களே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். இப்போது அவை கடக்கிற வழியில் எங்களைக் காற்று கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் வாசமும் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. தலைவி நீந்தியபடியே துதிக்கையை எங்கள் பக்கம் திருப்பி நீட்டியது.

கணவாயின் வாயில் பட்டமரங்கள் நிற்கும். அதில் ஒன்றைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை. இழுப்பதை விட்டுவிட்டு, காற்றோடு போய், மரம் பக்கத்தில் வந்ததும் மாரப்பன் கயிற்றை எறிந்து வளைத்தார். தெப்பம் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டு, நுனியை நான் கையில் வைத்துக்கொண்டேன்.

“ஆரும் எந்திரிக்க வேண்டாம். பேச வேண்டாம். அதுக பாட்டுக்குப் போயிருமுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாரின் குரல் எப்படி அவ்வளவு இறங்குகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அவை வந்தன.

நீந்தும் யானையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். உடம்பு தெரியாது. நெற்றியின் மேடும், மேலே தூக்கிய துதிக்கை நுனியும்தான் தெரியும். அந்த நுனியிலிருந்து மூச்சு வெளியே வருகிற சத்தம், கொல்லன் துருத்தி ஊதுவது மாதிரி, ஒன்று மாற்றி ஒன்றாகக் கேட்டது. தரையில் அத்தனை பாரமாக நடக்கிற உயிர் தண்ணீரில் ஒரு பாரமும் இல்லாமல் போகிறது. அவை நகர்த்தும் தண்ணீர் எங்களைத் தூக்கித் தூக்கி இறக்கியது. வாசம் வந்தது, ஈரப் புல்லும் சாணமும் சேறும் கலந்த வாசம். நான் உயிரோடு இருப்பதே மறந்துபோன மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயத்துக்கு உள்ளே இடமில்லை.

கூட்டத்தின் கடைசியில் ஒரு தாயும் குட்டியும். காற்று அலை குட்டிக்குத் தாங்கவில்லை. தாய் தன் துதிக்கையால் அதை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய அலையில் குட்டி வழுக்கி விலகிவிட்டது. எங்கள் தெப்பமும் மரமும் மறைத்த இடத்தில் மட்டும் அலை குறைவாக இருந்தது. அது நேராக அங்கே வந்தது. வந்து துதிக்கையைத் தெப்பத்தின் விளிம்பில் போட்டுக்கொண்டது. தெப்பம் அந்தப் பக்கம் சாய்ந்து எல்லார் காலும் நனைந்தன. களைத்துப்போன குழந்தை வழியில் கிடைத்த மடியில் தலை சாய்ப்பது போலத்தான் இருந்தது.

அது சாய்ந்த இடம் பேச்சியம்மாவின் காலடி.

தாய் நின்றுவிட்டது. எங்களைப் பார்த்துத் திரும்பியது. முருகேசன், “பெரியம்மா” என்று பாதி எழுந்துவிட்டார். தெப்பம் இன்னும் சாய்ந்தது. அவர் எதற்கு எழுந்தார் என்பது எனக்குப் புரிந்தது. பெரியம்மாவின் கண்ணை மூடிவிட வேண்டும் என்றுதான் எழுந்தார்.

“உக்காரு முருகேசா” என்றார் பேச்சியம்மா. திரும்பிப் பார்க்காமல் சொன்னார். சாப்பிட உட்காரச் சொல்வது மாதிரி சாதாரணமாக.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

துதிக்கை நுனி மெல்ல நகர்ந்து, தொங்கிக்கொண்டிருந்த சேலை நுனியைத் தொட்டது. பேச்சியம்மா காலை இழுக்கவில்லை. குனிந்து, அந்த நுனிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“போ சாமி. அந்தா, ஒங்க ஆத்தா தேடுறா பாரு. போ.”

அதற்குள் தாய் வந்துவிட்டது. ஏரிக்குள்ளிருந்து ஒரு பாறை எழும்புவது போல அதன் தலை தெப்பத்துக்குப் பக்கத்தில் எழுந்தது. கண் தெரிந்தது. சின்னக் கண், நீளமான இமைமயிர், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அது எங்களில் ஒவ்வொருவரையும் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. கயிற்று நுனியை இழுத்துவிடாமல் அப்படியே பிடித்திருந்தேன். பிறகு அது துதிக்கையைக் குட்டியின் முதுகுக்கு மேல் போட்டு, தன் பக்கமாக அணைத்துக்கொண்டு, திரும்பியது. தெப்பம் ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. அவ்வளவுதான்.

தீவுக்கரையில் அவை ஒவ்வொன்றாக ஏறின. உடம்பு கன்னங்கரேலென்று பளபளத்தது. கடைசியாகக் குட்டி ஏற முடியாமல் இரண்டு தடவை சறுக்க, முன்னால் போன தலைவி திரும்பி வந்து இழுத்து ஏற்றியது. புல்லுக்குள் போய்விட்டன. காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக்காரரின் மனைவி ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தார். செல்போன் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

காற்று தணிந்து, முடிச்சை அவிழ்த்து, திரும்பித் துடுப்புப் போடும்போது பேச்சியம்மா பேசினார். என்னைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்து.

“விடியக்காலம் பால் வாங்கப் போனவரு தாயி. நாங்க குடியிருக்குற லயத்து வீடுகளுக்குப் பொறத்தால ரோட்டுலயே நின்னுருக்கு. அவரு மூஞ்சியப் பாக்க வேணாம்னு மூடிட்டாக. அந்த யானையையும் நான் பாக்கல. இத்தன வருசமா மனசுக்குள்ள ஒரு உருவத்த நானா செஞ்சு வச்சிருந்தேன். ராத்திரியானா அது வந்து நிக்கும்.” நனைந்த சேலை நுனியைப் பிழிந்தார். “அது இது மாதிரி இல்ல.”

“கோவம் போயிருச்சாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“எப்படிப் போகும்? எங்க ஊர்ல இன்னமும் சனம் செத்துக்கிட்டுதான் இருக்கு. கோவம் இருக்கு. இதுவும் இருக்கு.”

துறையில் கோபிநாதன் சார் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றார். குடை கரையில் விழுந்து கிடந்தது. பைனாகுலரில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். விசைப்படகை எடுத்தால் சத்தத்துக்கு யானைகள் மிரண்டுவிடும் என்று, எடுக்காமல் நின்றிருக்கிறார். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் முகத்தில் தெரிந்தது. பேச்சியம்மாவைக் கைபிடித்து இறக்கினார்.

“பேடிச்சுப் போயிட்டீங்களாம்மா, பயந்துட்டீங்களா?”

பேச்சியம்மா அவர் கையைப் பிடித்தபடியே கேட்டார். “நீங்கதான் ஆபீசரா? ஒண்ணு கேக்கட்டுமா? எதுக்குய்யா சனங்க இம்புட்டுத் தூரம் வந்து இதைப் பாக்குறாக? நாங்க அது கண்ணுல படாம இருக்கணும்னு தெனம் கும்புட்டுட்டுல்ல வேலைக்குப் போறோம்.”

சார் தண்ணீரில் நின்றபடியே சொன்னார். “எனக்கும் தெரியலம்மா. நான் தினமும் பாக்குறேன். போதும்னு ஒரு நாளும் தோணினது இல்ல. ஆனா என் ஊட்டுல ஆரும் செத்துப் போகல. அதனால உங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

பேச்சியம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார். ஒரு அதிகாரி அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

அவர்கள் போன பிறகு சார் என்னையும் மாரப்பனையும் கரையில் உட்கார வைத்தார். குச்சியை எடுத்து மணலில் ஏரியை வரையச் சொன்னார். காற்று எங்கே பிடித்தது, எங்கே திருப்பினோம், எந்த மரம், தாய் எந்தப் பக்கம் வந்தது, எல்லாவற்றையும் மறுபடி மறுபடி கேட்டார். குரல் கேட்கவே முடியாத அளவு இறங்கியிருந்தது. எங்கள் மேல்தான் கோபம் என்று நான் நினைத்தேன். “சார், நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டமுங்களா?” என்று மாரப்பன் கேட்டேவிட்டார்.

“இல்லை” என்றார். “நூல் ஆடலைன்னு நான்தானே அனுப்பினேன்.” பிறகு எழுந்து போய்விட்டார்.

அந்த மாதத்திலிருந்து, நாக்கு நுனியில் கூட்டம் நிற்கிறது என்று காட்டில் காவல் பார்க்கும் வாச்சர் சொன்னால் மத்தியானத் தெப்பம் கிடையாது. எல்லாத் தெப்பத்திலும் நீளக் கயிறு இருக்க வேண்டும். கரையில் கேட்கிற கேள்வியையும் சார் மாற்றினார். பயம் இருக்கிறதா என்பதோடு, “காட்டாலே உங்க குடும்பத்துக்கு ஏதாவது நடந்திருக்கா?” என்றும் கேட்கச் சொன்னார். கேட்பது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் கேளுங்கள். எத்தனை பேர் ஆமாம் என்று சொல்கிறார்கள் என்பது எனக்கு வருஷக்கணக்காக ஆச்சரியம்தான். சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. சொல்லிவிட்டு ஏறியவர்கள்தான் அதிகம்.

சார் மாற்றலாகிப் போனார். அடுத்த வருஷம், மழை முடிந்த பிறகு, துறையில் ஒரு வேன் வந்து நின்றது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் இறங்கினார்கள். எல்லாரும் ஏலத்தோட்டத்துக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் பேச்சியம்மா நடந்து வந்தார். “எங்க லயத்துப் பொம்பளைக தாயி. அவுகளும் அதுகளப் பாக்கட்டும்னு கூட்டியாந்தேன்” என்றார். முறைப்படி கேள்வியைக் கேட்டேன். அவர்களில் பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஏறினார்கள்.

ஏரி அன்றைக்குக் கண்ணாடியாக இருந்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் நீந்தி வந்தது. இருவாச்சிப் பறவை ஒன்று தலைக்கு மேலே இறக்கையடித்துப் போன சத்தத்துக்கு எல்லாரும் அண்ணாந்தார்கள். பகல் நேரத்தில் வேலை செய்யாமல் உட்கார்ந்து பழகாத பெண்கள் அவர்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, கரையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கணவாய்க்கு எட்டத்தில் வழக்கமாகத் திரும்பும் இடம் வந்தது. நாக்கு நுனி காலியாக இருந்தது. தெப்பத்தைத் திருப்பப் போனேன்.

“தாயி” என்றார் பேச்சியம்மா. “செத்த நேரம் நிக்கலாமா?”

மாரப்பன் என்னைக் கேட்காமலே துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் வைத்தேன். தெப்பம் தானாக மெதுவாகி நின்றது. பெண்கள் எல்லாரும் அந்தக் கரையையே பார்த்தபடி இருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் ஆயிற்று, போகலாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.